கடைசியாகத் தொட்ட கை

பழுதுபார்த்த பிறகு ஒரு வண்டி அறவே ஓடாமல் போனால் அது ஒருவகையில் நன்மையே. பிழை எங்கே என்று தேடும் கட்டாயம் அப்போதே உண்டாகிவிடும். வண்டி ஓடுகிறது, ஆனால் முன்போல் இழுக்கவில்லை என்னும் நிலைதான் தொல்லையானது. ஓடுகிறதே என்ற நிறைவு தேடலை ஒத்திப்போடச் செய்யும். ஒத்திப்போட்ட நாள்களுக்குள் நாம் வேறு பத்துக் காரணங்களைக் கற்பித்துக்கொண்டிருப்போம். அந்தப் பத்துக் காரணங்களிலும் நமது கை இருக்காது. இக்கட்டுரை அந்தக் கையைப் பற்றியது.

வடலூரில் மாதம் ஒருமுறை கூடிப் புத்தகம் பேசும் நண்பர்கள் நாங்கள் மூவர். எங்களில் ஒருவரிடம் 1990களின் பிற்பகுதியில் வாங்கிய மாருதி 800 ஒன்று இருக்கிறது. 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் வகை. 1983 டிசம்பரில் தொடங்கிய அந்த வண்டியின் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுபோனது. நண்பரின் வண்டி நிற்கவில்லை. அவருடைய தாயாரை மாதமிருமுறை மருத்துவமனைக்குப் புதுச்சேரிக்கு அழைத்துச் செல்வது அதில்தான். பதிவைப் புதுப்பித்து, தேய்ந்ததை மாற்றி, அதை வீட்டில் ஒருவராகவே வைத்திருக்கிறார்.

அந்த எஞ்சினின் டைமிங் பெல்ட்டை மாற்றவேண்டிய காலம் வந்தது. நாமே மாற்றினால் என்ன என்று எங்களுக்குத் தோன்றியது. கூலியை மிச்சப்படுத்துவது ஒரு காரணம்தான். கருவிகளைப் பற்றியும் கைத்தொழிலைப் பற்றியும் நிறையப் படித்து, நிறையப் பேசிவிட்டு, ஒரு திருகாணியைக்கூட முறையாகக் கழற்றத் தெரியாதவர்களாய் இருக்கிறோமே என்னும் கூச்சம் மற்றொரு காரணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கி, பிற்பகல் மூன்று மணிக்கு முடித்தோம். சாவியைத் திருப்பினோம். எஞ்சின் ஓடியது. மூன்று நடுத்தர வயதினர் கை தட்டி மகிழ்ந்ததைத் தெருவே பார்த்தது.

அந்தப் பெல்ட் என்ன செய்கிறது என்று சொல்லிவிடவேண்டும். எஞ்சினின் அடியில் கிராங்கு தண்டு சுழல்கிறது. பிஸ்டன்கள் அதனோடு பிணைந்தவை. மேலே கேம் தண்டு சுழல்கிறது. காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே வரவும், எரிந்த புகை வெளியே போகவும் வால்வுகளைத் திறந்து மூடுவது அதன் வேலை. கிராங்கு இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்றுச் சுற்றவேண்டும். வேகம் மட்டுமன்றி, இன்ன பிஸ்டன் இன்ன இடத்தில் இருக்கும்போது இன்ன வால்வு திறந்திருக்கவேண்டும் என்ற ஒழுங்கும் மாறக்கூடாது. இவ்விரு தண்டுகளின் பல்சக்கரங்களையும் பிணைக்கும் பற்கள் கொண்ட ரப்பர் வார்தான் டைமிங் பெல்ட். இரு சக்கரங்களிலும் புள்ளியோ கோடோ அடையாளமாகப் பொறித்திருப்பார்கள். அவை எஞ்சின் உடலிலுள்ள அடையாளங்களுக்கு நேராக நிற்கும்போது வாரை மாட்டவேண்டும்.

மறுநாள் வண்டி இழுக்கவில்லை. தட்டையான சாலையில் ஒருவாறு ஓடியது. பாலத்து ஏற்றத்தில் மூன்றாம் கியரில் ஏறும் வண்டி இரண்டாம் கியருக்கு இறங்கியது. நின்றபடி உறுமுகையில் அதிர்வு கூடியிருந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஓசை வளர்ந்த அளவுக்கு வேகம் வளரவில்லை.

இனி எங்கள் ஆராய்ச்சியைக் கேளுங்கள். முதற்கருத்து, தூசி. நெய்வேலிப் பக்கம் வாழ்பவர்களுக்குப் பழுப்பு நிலக்கரியின் தூசியும் அனல் மின் நிலையத்துச் சாம்பலும் எதற்கும் ஆயத்தமாக இருக்கும் காரணங்கள். இருமலுக்கும் அதுதான், துணி கறுப்பதற்கும் அதுதான். ஆகவே காற்று வடிகட்டி அடைத்திருக்கும் என்றோம். கழற்றிப் பார்த்தோம், அழுக்காகத்தான் இருந்தது. புதிது போட்டோம். மாற்றமில்லை. வடிகட்டி அழுக்காக இருந்ததும் மெய், வண்டி இழுக்காததும் மெய். ஒன்றுக்கு மற்றொன்று காரணமென்பது மட்டும் மெய்யன்று.

இரண்டாவது கருத்து, பெட்ரோல். எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டிய பிறகு, பழைய வண்டி எதற்கு முரண்டுபிடித்தாலும் அக்கலப்பின்மேல் பழிபோடுவது வழக்கமாகிவிட்டது. அந்தக் குறையில் உண்மை அறவே இல்லை என்று நாம் சொல்லவரவில்லை. பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களும் அடைப்பு வளையங்களும் எத்தனாலை எண்ணி உருவாக்கப்பட்டவை அல்ல. ஆனால் கணக்கு என்று ஒன்று உண்டு. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்றால், கலவையின் ஆற்றல் லிட்டருக்கு ஏறத்தாழ 7 விழுக்காடு குறையும். மைலேஜ் சற்றுக் குறைவதை அது விளக்கும். சனிக்கிழமை மூன்றாம் கியரில் ஏறிய வண்டி திங்கட்கிழமை இரண்டாம் கியருக்கு இறங்கியதை விளக்காது. டாங்கில் கிடந்ததோ, சனிக்கிழமை இருந்த அதே பெட்ரோல்.

மூன்றாவதாக நாங்கள் செய்ததுதான் பெரும்பிழை. பிளக்குகளில் பொறி விழும் நேரம் தவறியிருக்கலாம் என்று ஊகித்து, டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்திருக்கும் திருகாணியைத் தளர்த்தி, அதைச் சற்றே திருப்பிவைத்தோம். வண்டி தெளிந்தது. அதிர்வு குறைந்தது, இழுவை முழுதும் வரவில்லையெனினும் முன்னிலும் மேல் என்று தோன்றியது. கண்டுபிடித்துவிட்டோம் என்று தேநீர் குடித்தோம்.

பத்து நாள் அப்படியே ஓடியது. பின்னர் ஒரு மாலை, பண்ருட்டியிலிருந்து வடலூர் திரும்பும் வழியில், முன்னே ஊர்ந்த லாரி ஒன்றைத் தாண்ட நண்பர் வலப்புறம் ஏறினார். எதிரே தொலைவில் பேருந்து. வழக்கமான வண்டியாக இருந்தால் போதுமான தொலைவு. அன்று வண்டி லாரியின் பக்கவாட்டிலேயே நின்றுகொண்டு முன்னேற மறுத்தது. மிதி தரையைத் தொட்டிருந்தது. பேருந்து ஓட்டுநர் விளக்கைச் சிமிட்டி வேகத்தைத் தணித்தார், லாரிக்காரர் ஒதுங்கினார், நாங்கள் பிழைத்தோம். பின்னிருக்கையில் நண்பரின் தாயார் இருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வீடு சேரும்வரை மூவரும் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் மெக்கானிக்கிடம் போனோம். அவர் வண்டியைத் தொடுமுன் கேட்டது ஒரே கேள்வி.

“கடைசியா எதுல சார் கை வெச்சீங்க?”

“பெல்ட்லதாண்ணே. ஆனா அது சரியாத்தான் இருக்கு. மாட்டின உடனே ஸ்டார்ட் ஆயிடுச்சே.”

“ஸ்டார்ட் ஆனா சரியா இருக்குன்னு யாரு சார் சொன்னது?”

பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தமானியை வைத்து எஞ்சினைச் சுழற்றச் செய்தார். மூன்று அளவுகளும் இருக்கவேண்டியதைவிடக் குறைவு. மூன்றும் ஏறத்தாழச் சமம். அந்தச் சமத்தைப் பார்த்ததும் அவர் பெல்ட்டின் மூடியைக் கழற்றத் தொடங்கிவிட்டார். அவர் எண்ணிய வழி பின்னர்தான் எங்களுக்கு விளங்கியது. ஒரு சிலிண்டரில் மட்டும் அழுத்தம் குறைந்தால் அந்தச் சிலிண்டரின் வால்வையோ பிஸ்டன் வளையத்தையோ சந்தேகிக்கவேண்டும். அடுத்தடுத்த இரண்டில் குறைந்தால் இடையிலுள்ள ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கவேண்டும். முந்தையநாள்வரை நன்றாயிருந்த மூன்றும் ஒரேயளவாக ஒரே நாளில் தேயா. மூன்றுக்கும் பொதுவான ஒன்றே தவறியிருக்கவேண்டும். மூன்றுக்கும் பொதுவானது கேம் தண்டு. அதை ஓட்டுவது பெல்ட்.

கிராங்கின் அடையாளத்தை நேருக்குக் கொண்டுவந்து மேலே காட்டினார். கேம் சக்கரத்தின் அடையாளம் ஒரு பல் தள்ளி நின்றது.

ஒரு பல் என்பது கேட்பதற்குச் சிறிது. கேம் சக்கரத்தில் 40 பற்கள் என்று கொள்வோமானால், ஒரு பல் என்பது 9 பாகை. கிராங்கின் கணக்கில் அது 18 பாகை. உள்வாங்கும் வால்வு அவ்வளவு தாமதமாக மூடினால், உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதியைப் பிஸ்டன் மேலேறும்போதே வந்த வழியில் வெளியே தள்ளிவிடும். அழுத்துவதற்கு எஞ்சியிருப்பது குறைவு, எரிவது குறைவு, இழுவை குறைவு. எங்கள் வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டரும் கேம் தண்டிலிருந்தே சுழற்சி பெறுகிறது. ஆகவே வால்வுகளோடு சேர்ந்து பொறி விழும் நேரமும் பிந்திவிட்டது. நாங்கள் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பியபோது பொறியின் தாமதத்தை மட்டும் ஈடுகட்டினோம். வால்வுகளின் தாமதம் அப்படியே இருந்தது. ஒரு பிழையின் இரண்டு அறிகுறிகளில் ஒன்றை அழித்துவிட்டு, பிழையே போயிற்று என்று முடிவுகட்டினோம்.

பிழை நேர்ந்த விதமும் எளியதே. அடையாளங்களைப் பார்த்து மாட்டியது சரி. இறுக்கியைத் தளர்த்தி வாரை இழுவிசைக்கு விட்டபோது, ஒரு பக்கம் இருந்த தொய்வை அது எடுத்துக்கொள்ள, சக்கரம் ஒரு பல் நகர்ந்திருக்கிறது. மாட்டியபின் கிராங்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, அடையாளங்கள் மறுபடி நேராக வருகின்றனவா என்று பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். இரண்டு நிமிட வேலை. அதைச் செய்யாமல் சாவியைத் திருப்பினோம். வால்வும் பிஸ்டனும் ஒன்றையொன்று தொட்டுவிடக்கூடிய அமைப்புள்ள எஞ்சின்கள் பல உண்டு. அத்தகையவற்றில் இந்த அவசரத்துக்கு விலை, வளைந்த வால்வுகளாகவும் இருக்கலாம்.

இதிலிருந்து சிலர் எடுக்கும் முடிவு நமக்குத் தெரியும். “தெரியாத வேலையில் ஏன் கைவைக்கவேண்டும்?” என்பார்கள். நண்பரின் வீட்டாரும் அதைத்தான் சொன்னார்கள். அந்த மாலை நடந்ததை எண்ணினால் அவர்கள் சொன்னதில் தவறில்லை. ஆயினும் நாம் அந்த முடிவை ஏற்கவில்லை. ஏற்கக்கூடாது என்பதே நமது கருத்து. கைவைத்தது எங்கள் குற்றமன்று. கைவைத்தபின் அந்தக் கையைச் சந்தேகிக்க மறுத்ததே குற்றம்.

தமிழ்நாட்டில் தாமே பழுதுபார்ப்பவர்களின் ஆதிகதை ஒன்று உண்டு. கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு, இளமையில் ஆங்கில அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, உணவகத்தில் வேலைசெய்து பணம் சேர்த்து, அதையே விலைக்கு வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மீண்டும் பூட்டிய கதை. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தை ஓட்டத் தொடங்கியவர், பின்னாளில் பெரும் போக்குவரத்து நிறுவனத்தையும் தொழிற்கூடங்களையும் உண்டாக்கினார். நாம் இக்கதையைச் சொல்லும்போது இரண்டு வினைச்சொற்களோடு நிறுத்திக்கொள்கிறோம்: கழற்றினார், பூட்டினார். பூட்டியபின் ஒவ்வொன்றும் முன்னிருந்தவாறு இயங்குகிறதா என்று அமர்ந்து சரிபார்க்கும் பொழுது எந்தக் கதையிலும் இடம்பெறுவதில்லை. அதில் வீரமில்லை, பார்ப்பவருக்குச் சுவையில்லை. ஆனால் ஒரு பேருந்து நிறுவனம் நடப்பது அந்தச் சுவையற்ற வேலையால்தான். நாங்களும் கதையின் இரண்டு வினைகளை மட்டுமே கற்றிருந்தோம்.

குறளின் மருந்து அதிகாரம் மருத்துவனுக்கு ஒரு வரிசையைச் சொல்கிறது. நோயை அறிதல், அதன் முதற்காரணத்தை அறிதல், தணிக்கும் வழியை அறிதல், பிறகு பிழையாமல் செய்தல். பள்ளிப்பருவம் முதல் நமக்கு மனப்பாடம். ஆனால் நடைமுறையில் முதற்படியிலிருந்து மூன்றாம் படிக்குத் தாவுவதே நம் இயல்பாக இருக்கிறது. வடிகட்டியை மாற்று, பிளக்கை மாற்று, கார்புரேட்டரை மாற்று, எதையாவது மாற்று. இது எங்களைப் போன்ற கற்றுக்குட்டிகளின் பழக்கம் மட்டுமன்று, பட்டறைகளிலும் உண்டு. ஐந்து பாகங்களை மாற்றியபின் வண்டி சரியாகிவிட்டால், அந்த ஐந்தில் எது காரணம் என்பது மாற்றியவருக்கும் தெரியாது, பணம் கொடுத்தவருக்கும் தெரியாது. பழுது போனது; அறிவு வரவில்லை. அடுத்தமுறை மீண்டும் ஐந்து பாகங்கள்.

மாற்றாக, இழுவை குறைந்த வண்டியை அணுகவேண்டிய ஒழுங்கை அந்த மெக்கானிக்கிடம் கேட்டும், பின்னர் படித்தும் நாங்கள் இவ்வாறு புரிந்துகொண்டோம். முதலில், குறைந்தது எஞ்சினின் ஆற்றல்தானா என்று தெளியவேண்டும். ஓசை ஏறியும் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்கலாம். சற்றுத் தொலைவு ஓட்டியபின் ஒரு சக்கரம் மட்டும் சுடுகிறது என்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம். இரண்டும் இல்லையென்றால்தான் எஞ்சினுக்கு வரவேண்டும். அங்கே முதற்கேள்வி, கடைசியாக எது தொடப்பட்டது என்பது. தொட்ட பாகம் மட்டுமன்று, அதை எட்டுவதற்காகக் கழற்றிய ஒவ்வொன்றும் அதில் அடக்கம். மறந்துபோன ஒரு வெற்றிடக் குழாய், இடம்மாறிய ஒரு பிளக் வயர், முழுதும் திறக்காத ஆக்சிலரேட்டர் கம்பி ஆகியவையே பெரும்பாலும் குற்றவாளிகள். அவற்றில் பிழையில்லை என்று கண்ணால் கண்டபிறகே காற்று, எரிபொருள், பொறி, அழுத்தம், புகைப்போக்கு என்ற பொதுவரிசைக்குப் போகவேண்டும். எதையும் மாற்றுமுன் அளக்கவேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும். மாற்றியதால் பயனில்லையென்றால், அதைப் பழையபடி வைத்துவிட்டே அடுத்ததற்குப் போகவேண்டும். இந்தக் கடைசி விதியை நாங்கள் மதித்திருந்தால் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிய கையோடு தேநீர் குடிக்கப் போயிருக்கமாட்டோம்.

‘கடைசியாகத் தொட்டதைச் சந்தேகி’ என்பதற்கு ஒரு மறுப்பும் உண்டு. ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்ததாலேயே முன்னது பின்னதற்குக் காரணம் ஆகிவிடாது என்பது தருக்கத்தின் பாலபாடம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. நாமும் ஏற்கிறோம். ஆகவேதான் அதைத் தீர்ப்பாகக் கொள்ளாமல், விசாரணையின் தொடக்கமாக மட்டும் கொள்ளச் சொல்கிறோம். மெக்கானிக்கும் எங்கள் பதிலைக் கேட்டவுடனே பெல்ட்டைக் கழற்றிவிடவில்லை. அழுத்தத்தை அளந்தார், அளவுகள் பெல்ட்டைச் சுட்டிய பிறகே கழற்றினார். சந்தேகத்துக்கு ஒரு வரிசை, தீர்ப்புக்கு ஒரு சான்று. நாங்கள் இரண்டும் இல்லாமல், எங்களுக்கு வலிக்காத காரணங்களை முதலில் தேடினோம். தூசியும் எத்தனாலும் எங்களுக்கு வலிக்காதவை.

நாங்கள் பழிபோட்ட நெய்வேலி மண்ணே இதற்கு மாறான ஒரு பாடத்தை வைத்திருக்கிறது. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் தண்ணீருக்காகத் துளையிட்டபோது, நீரோடு கறுப்புப் பொருள் வெளிவந்தது. தண்ணீர் வேண்டியவருக்கு அது ஒரு குறை. கிணற்றைக் கெடுக்கும் அழுக்கு. வேறோரிடத்தில் துளையிட்டு அதை மறந்திருக்கலாம். அது என்னவென்று அறிய முற்பட்டதன் தொடர்ச்சியே 1956இல் தொடங்கிய நெய்வேலி நிலக்கரி நிறுவனம். சுரங்கம் தோண்டவந்தபோதும் அங்கே ஒரு பெருந்தடை இருந்தது. நிலக்கரிப் படுகைக்கு அடியில் ஊற்றுநீர் பேரழுத்தத்தில் நிற்கிறது. மேல்மண்ணை அகற்றினால் சுரங்கத்தின் தரையையே பெயர்த்துவிடக்கூடிய அழுத்தம். மேலே கசியும் நீரை இறைத்துக்கொண்டிருந்தால் அறிகுறியோடு போராடுவதாக மட்டுமே இருந்திருக்கும். ஆழத்தில் நிற்கும் அழுத்தமே காரணம் என்று கண்டு, ஆழ்துளைகளிட்டு இரவுபகலாக நீரை வெளியேற்றி அவ்வழுத்தத்தைத் தணித்தார்கள். தோண்டுதல் அதனால்தான் இயன்றது. நெய்வேலி எடுத்துக்கொண்ட நிலங்களையும் தாழ்ந்த நீர்மட்டத்தையும் பற்றி இப்பகுதி மக்களுக்குள்ள மனக்குறை தனி. அதை இங்கே மறுக்கவில்லை. அறிகுறியை அழிப்பதற்கும் காரணத்தை எட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டுக்கு எங்கள் வாசலிலேயே சான்று இருந்தது என்பதையே சொல்லுகிறோம்.

இந்தச் சிறு விவகாரத்தை இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. தாமே பழுதுபார்க்கும் உரிமை இன்று உலகெங்கும் பேசுபொருள். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிச்சந்தைக்குக் கொடாமல் தடுத்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகளும் வழக்குகளும் தொடர்ந்தன. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கான நெறிகளை வகுக்கக் குழு ஒன்றை அமைத்தது. வேளாண் கருவிகள், செல்பேசிகள், வீட்டுச் சாதனங்கள் ஆகியவற்றோடு வாகனங்களும் அதில் அடக்கம். இந்த உரிமையை நாம் முழுமனத்தோடு ஆதரிக்கிறோம். தன் பொருளைத் திறந்து பார்க்க முடியாதவன் அதன் உரிமையாளனாக மாட்டான், வாடகைக்கு இருப்பவனே.

ஆனால் உரிமையை வேண்டுவோர் அதனோடு வரும் கடமையைப் பேசுவதில்லை. வானொலிப் பெட்டியைத் தவறாகப் பூட்டினால் பாட்டுக் கேட்காது, அவ்வளவே. காரைத் தவறாகப் பூட்டினால், எதிரே வரும் பேருந்தில் நாற்பது பேர் இருக்கிறார்கள். அவர்கள் எவரும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பரிசோதனைக்கு ஒப்புதல் தரவில்லை. பழுதுபார்க்கும் உரிமை, பழுதுபார்த்ததைச் சோதிக்கும் கடமையோடு சேர்ந்தே பொருள்படும். சரியாகிவிட்டது என்று நிறுவும்வரை, சரியாகவில்லை என்றே கொள்ளவேண்டும். வழக்குமன்றத்தில் குற்றம் நிறுவப்படும்வரை எவரும் குற்றமற்றவர். பட்டறையில் நமது கைக்கு அந்தச் சலுகை கிடையாது.

புதிய வண்டிகளில் இந்தத் தொல்லை இராது, கணினியே சொல்லிவிடும் என்று ஒரு வாதம் வரலாம். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிகளுக்கு உட்பட்ட வண்டி எதிலும் பழுதுக்குறியீட்டைப் படிக்கும் கருவியை இணைக்கலாம். எங்கள் பிழையைப் புதிய வண்டி ஒன்றில் செய்திருந்தால், பெரும்பாலும் பி0016 என்ற குறியீடு வந்திருக்கும். கிராங்கும் கேமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பது அதன் பொருள். நல்லது, பத்து நாள் மிச்சமாகியிருக்கும். ஆனால் பெல்ட் ஒரு பல் தாண்டியதாலா, செயின் நீண்டதாலா, கேம் உணரி பழுதானதாலா, அதன் வயர் அறுந்ததாலா என்பதை அக்குறியீடு சொல்லாது. அதுவும் ஓர் அறிகுறியே. உணரியை மாற்றிக் குறியீட்டை அழித்துவிட்டு, சரியாகிவிட்டது என்று வண்டியைத் திருப்பித் தரும் பட்டறை எங்கும் இருக்கும். நாங்கள் திருகாணியால் செய்த பிழையை அங்கே பொத்தானால் செய்வார்கள்.

மொழி குறித்தும் ஒன்று சொல்லவேண்டும். நாங்கள் மெக்கானிக்கிடம் போனபோது, வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த சொல் ‘எஞ்சினின் ஆற்றல் இழப்பு’ என்பது. அவரோ, “இழுக்கலையா, மிஸ் அடிக்குதா, திணறுதா?” என்று கேட்டார். அந்த மூன்றும் மூன்று வெவ்வேறு நோய்கள். இழுக்காத வண்டி சீராக ஓடும், வலுவிராது. மிஸ் அடிக்கும் வண்டியில் இடையிடையே ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டுப்போகும். திணறும் வண்டி, மிதித்த கணத்தில் மூச்சடைத்துப் பின்பு எழும். எங்கள் கலைச்சொல் மூன்றையும் ஒன்றாக்கி மறைத்துவிட்டது. பட்டறைத் தமிழ் பிரித்துக் காட்டியது. நோயைச் சரியாகப் பெயரிடுவது பாதி மருத்துவம். தமிழில் அறிவியல் எழுத விழைவோர் அகராதிகளோடு பட்டறைகளுக்கும் போய்வரவேண்டும் என்று நாம் நினைக்கிறோம்.

பெல்ட்டைச் சரியாக மாட்டும் வேலையை மெக்கானிக் எங்களிடமே விட்டார். அவர் பக்கத்தில் நின்றார். இறுக்கியை இறுக்கியதும் நண்பர் சாவியை எடுக்கப் போனார்.

“இருங்க சார். கையால ரெண்டு சுத்து சுத்துங்க. அப்புறம் சாவி.”

இரண்டு சுற்றுச் சுற்றினோம். அடையாளங்கள் நேராக வந்து நின்றன. திருப்பிவைத்த டிஸ்ட்ரிபியூட்டரைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து, ஸ்ட்ரோப் விளக்கை வைத்துச் சரிபார்த்தோம். அழுத்தத்தை மறுபடி அளந்தோம், மூன்றும் உயர்ந்திருந்தன. பிறகு பின்னிருக்கையில் எவரும் இல்லாமல், போக்குவரத்து ஓய்ந்த நேரத்தில், அதே பாலத்து ஏற்றத்தில் ஏற்றிப் பார்த்தோம். மூன்றாம் கியரில் ஏறியது.

இப்போது அந்த வண்டியின் முன்பெட்டியில் ஒரு சிறு நோட்டுப்புத்தகம் இருக்கிறது. எந்த நாளில் எதைத் தொட்டோம், அதை எட்ட எவற்றைக் கழற்றினோம், பின்பு எதை எவ்வாறு சரிபார்த்தோம் என்று மூன்று பத்திகளில் எழுதிவருகிறோம். மூன்றாம் பத்தி நிரம்பாதவரை நண்பரின் தாயாரை வண்டியில் ஏற்றுவதில்லை என்பது எங்களுக்குள் ஏற்பாடு.